வாடகைக்கு விடும் ஃபிளாட்: எங்கே செலவு செய்யலாம், எங்கே வேண்டாம்

வணக்கம். இது சென்னை மடிப்பாக்கத்தில் என் அத்தையின் ஃபிளாட். இரண்டாவது மாடி, இரண்டு பெட்ரூம். வருகிற குடும்பம் பல வருடம் தங்க வேண்டும், ஆள் மாறும்போதெல்லாம் பெரிய வேலை வைக்கக் கூடாது, பகலில் லைட் போடாமல் பேப்பர் படிக்க முடிய வேண்டும். அத்தை சொன்னது இவ்வளவுதான்.

வெளிச்சத்துக்காக எதையும் வாங்கவில்லை, மறைத்ததை எடுத்தோம். ஜன்னல் கண்ணாடியில் இருந்த பழுப்பு ஃபிலிமை உரித்தாயிற்று. ஜன்னலை ஒட்டி நின்ற ஆளுயர அலமாரி உள்சுவருக்குப் போய்விட்டது. இதோ, ஜன்னலின் இரு பக்கமும் சுவரின் கனம் தெரிகிறதே, அதற்கும் சீலிங்குக்கும் சுத்த வெள்ளை. வெளிச்சம் முதலில் அங்கே பட்டுத்தான் உள்ளே வருகிறது. ஃபால்ஸ் சீலிங் கிடையாது. உயரம் குறையும், மேல் வீட்டில் ஒழுகினால் உடனே தெரியாது.

சரி, வெள்ளைச் சுவர் வாடகை வீட்டில் தாங்குமா? கை படுகிற உயரத்தில் தாங்காது. அதனால் ஹாலிலும் நடையிலும் தரையிலிருந்து நான்கு அடி வரை துடைக்கக்கூடிய சாட்டின் பெயின்ட், அதற்கு மேலே அதே நிறத்தில் பளபளப்பில்லாத சாதாரண மேட். சேருமிடம் தெரியாதா? பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்தால் தெரியும், பரவாயில்லை. மேட் பெயின்டில் ஒரு வசதி, டச்-அப் செய்தால் திட்டுத் திட்டாகத் தெரிவது குறைவு. ஷேட் நம்பரை மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறோம்.

இப்போது கிச்சன். காசு போட வேண்டிய இடம் இதுதான். சிங்க்குக்குக் கீழே பாருங்கள், பிளைவுட்டே இல்லை. கடப்பா கல் தட்டு, முன்னால் ஒரு அலுமினியக் கதவு, அவ்வளவுதான். பழைய காலத்து வேலை என்று ஆசாரி சிரித்தார். ஆனால் சிங்க் குழாய் கசியாத வீடு எது? கசிந்தால் கல் ஊதாது, கரையானும் வராது. மற்ற கப்போர்டுகளுக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள, அதாவது ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட். மேடைக்குப் பின்னால் டைல்ஸ் இடுக்கில் ஒயிட் சிமென்டுக்குப் பதில் எபாக்ஸி. விலை அதிகம்தான், ஆனால் மஞ்சள் கறை இறங்காது.

அப்புறம் ஆணி. "ஆணி அடிக்காதீர்கள்" என்று சொல்லி யார் கேட்டிருக்கிறார்கள்? காலண்டர் மாட்ட வேண்டும், சாமி படம் மாட்ட வேண்டும். ஹாலில் ஒரு சுவர் முழுக்க ஆறரை அடி உயரத்தில் தேக்கு ரீப்பர், அதாவது ஒல்லியான மரச் சட்டம், அடித்திருக்கிறோம். ஆணியெல்லாம் அதில் இறங்கட்டும். கர்ட்டன் கம்பி, பால்கனியில் துணிக்கொடி கொக்கி, இன்வெர்ட்டர் பாயின்ட் எல்லாம் நாமே போட்டுவிட்டால் டிரில் மெஷினுக்கு வேலை இல்லை.

ஒப்பந்தம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ரிப்பேர் செலவைப் பத்து மாத அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம் என்று நம்பி மட்டமான வேலை செய்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது இந்த மேற்குப் பக்கத்து பெட்ரூம். மூன்று மணிக்கு மேல் சுடுகிறது. திரும்ப ஃபிலிம் ஒட்டிவிடலாம் என்கிறார் அத்தை. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. மூங்கில் தட்டி மழையில் எத்தனை வருடம் உழைக்கும்? போட்டுப் பார்த்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், வியாழக்கிழமை ஆசாரி வருகிறார்.