கொன்சாலஸ்: ஊரே படையாகப் போன கதை

[காட்சி: குவாடலூப் ஆற்றங்கரை, மரக்கட்டை வீடுகள்]

டெக்சாஸில் கொன்சாலஸ் என்று ஒரு சின்ன ஊர். 1825இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் குடியேறி உண்டாக்கியது. அப்போது அது மெக்சிகோ நாட்டின் ஓரத்தில், அரசுப் படை எளிதில் எட்டாத தூரத்தில் இருந்தது. அந்த மண்ணில் காலம்காலமாக வாழ்ந்த பழங்குடிகளுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் ஓயாத மோதல். 1826இல் நடந்த ஒரு தாக்குதலுக்குப் பிறகு மொத்த ஊரும் காலியாகி, பிறகுதான் மீண்டது. அதனால் உழுகிறவர், கடைக்காரர், கொல்லர் எல்லோரும் காவல்காரர்களாகவும் இருக்க வேண்டியிருந்தது. 1831இல் மெக்சிகோ அரசே அவர்களுக்கு ஒரு சிறிய பீரங்கி கொடுத்தது.

[காட்சி: வெள்ளைக் கொடி, அதில் கறுப்பு பீரங்கி]

1835இல் அதே அரசு பீரங்கியைத் திருப்பிக் கேட்டு சுமார் 100 குதிரைவீரர்களை அனுப்பியது. ஊரில் அப்போது இருந்த ஆண்கள் 18 பேர். ஆற்றைக் கடக்கும் படகுகளை ஒளித்துவைத்து, வந்தவர்களை அக்கரையிலேயே நிறுத்தினார்கள். அதற்குள் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் திரண்டுவிட்டார்கள். ‘வந்து எடுத்துக்கொள்’ என்று எழுதிய கொடி பறந்தது. அக்டோபர் 2 அன்று வெடித்த அந்தச் சண்டைதான், மெக்சிகோவை எதிர்த்து டெக்சாஸ்காரர்கள் நடத்திய டெக்சாஸ் புரட்சியின் தொடக்கம். எல்லோரும் கொண்டாடுவது இந்தக் கொடியைத்தான். எனக்கோ அதற்கு ஐந்து மாதம் கழித்து நடந்ததுதான் மனசை விட்டுப் போகவில்லை.

[காட்சி: இரவு, குதிரைகள்]

1836 பிப்ரவரி. சுமார் 110 கிலோமீட்டர் தள்ளி, சான் அன்டோனியோவில் டெக்சாஸ்காரர்கள் பிடித்துவைத்திருந்த அலமோ கோட்டையை மெக்சிகோ அதிபர் சான்டா அன்னாவின் படை வளைத்துக்கொண்டது. உள்ளேயிருந்து கோட்டைத் தளபதி டிராவிஸ் எழுதிய உதவிக் கடிதத்தைக் கொன்சாலஸுக்குக் கொண்டுவந்தவர் அதே ஊர்க்காரர், ஆல்பர்ட் மார்ட்டின். கொடுத்துவிட்டு அவர் தங்கிவிடவில்லை, உதவிக்காக ஊரில் திரண்ட படையோடு கோட்டைக்கே திரும்பிப் போனார்.

அந்தப் படைக்குத் தலைமை ஏற்ற ஜார்ஜ் கிம்பிள் தொப்பி செய்கிறவர். அவருடைய தொழில் கூட்டாளி ஆல்மரோன் டிக்கின்சன், மனைவி சூசன்னாவோடும் கைக்குழந்தையோடும் ஏற்கெனவே கோட்டைக்குள் இருந்தார். 15 வயது வில்லியம் கிங், அப்பாவுக்குப் பதிலாகத் தானே குதிரை ஏறினான். மார்ச் 1, விடிவதற்கு முன், 32 பேர் முற்றுகையைக் கடந்து உள்ளே நுழைந்தார்கள்.

மார்ச் 6 அன்று கோட்டை விழுந்தது. அந்த 32 பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

[காட்சி: எரியும் வீடுகள்]

மார்ச் 13 அன்று சூசன்னா கொன்சாலஸுக்கு வந்து சேர்ந்தாள். அவள் சொன்ன செய்தியில் சுமார் 20 பெண்கள் தாங்கள் விதவையானதைத் தெரிந்துகொண்டார்கள். அழுது முடிக்கவும் நேரமில்லை, எதிரிப்படை நெருங்குகிறது. டெக்சாஸ் படையின் தளபதி ஹூஸ்டன் அன்றிரவே ஊரைக் காலிசெய்யச் சொன்னார். எதிரிக்கு எதுவும் மிஞ்சக் கூடாதென்று, போகிறவர்களே வீடுகளுக்குத் தீ வைத்தார்கள்.

வழியில்தான் ஒரு குடும்பம் விட்டுப்போனது தெரிந்தது. இறந்தவர்களில் ஒருவரின் மனைவி. கண் தெரியாதவள், சின்னச் சின்னப் பிள்ளைகள் வேறு. அவர்களை அழைத்துவர ஹூஸ்டன் வீரர்களைத் திருப்பி அனுப்பினார்.