ஹிப்ஹாப் காதில் விழுந்த அறுபதுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

2006 அக்டோபர் 27 அன்று பிரிட்டனில் ஓர் ஆல்பம் வெளிவந்தது. பெயர் ‘பேக் டு பிளாக்’. பாடியவர் ஏமி வைன்ஹவுஸ், அப்போது அவருக்கு 23 வயது. 11 பாட்டு, எல்லாம் சேர்த்தே 35 நிமிடம்தான். விவரம் தெரியாமல் கேட்பவர் அறுபதுகளில் அமெரிக்காவில் வந்த ஏதோ ஒரு பழைய இசைத்தட்டு என்றுதான் நினைப்பார். கொஞ்ச நேரத்தில் வரிகள் காதில் ஏறும்போது சந்தேகம் வந்துவிடும். 1963-இல் எந்த வானொலியும் இந்த வரிகளை ஒலிபரப்பியிருக்காது.

அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் பிறந்த ஜாஸ், சோல் என்ற பழைய இசை வகைகளுக்கு மறுவாழ்வு கொடுத்த ஆல்பம் என்று இதைச் சொல்வது வழக்கம். பாதிதான் சரி என்பது என் கட்சி. சத்தம் பழையது, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பழைய சத்தத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்த காதுகள் மட்டும் ஹிப்ஹாப் கேட்டு வளர்ந்தவை. இன்று பேசப்போவது அந்தக் காதுகளைப் பற்றி.

முதலில் ஏமி. வடக்கு லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் 1983-இல் பிறந்தவர். அப்பா டாக்சி ஓட்டியவர், அமெரிக்கப் பாடகர் சினாட்ரா பாட்டு என்றால் உயிர். அப்பாவைப் பெற்ற பாட்டி சிந்தியாவும் ஒரு காலத்தில் பாடகி. அண்ணன் அறையிலிருந்து ஜாஸ் இசைத்தட்டுகள் கேட்டுக்கொண்டே இருக்கும். டைனா வாஷிங்டன், சாரா வான் என்று ஜாஸ் பாடகிகளைக் கேட்டுக் கேட்டே பாடக் கற்றவர். பதின்வயதில் பிரிட்டனின் தேசிய இளைஞர் ஜாஸ் இசைக்குழுவோடும் பாடியிருக்கிறார். 2003-இல் வந்த முதல் ஆல்பம் ‘ஃபிராங்க்’ அந்த வளர்ப்பின் விளைவு. ஜாஸ் கிட்டார், நெளிந்து போகும் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்), குறும்பான வாய். நல்ல பெயர் கிடைத்தது, பாட்டு எழுதுவோருக்கான ஐவர் நோவெல்லோ விருதும் கிடைத்தது. ஆனால் அதைத் திருப்பிச் செய்ய அவருக்கு விருப்பமில்லை. சிக்கலான கார்டுகள் அலுத்துவிட்டன, நேராகப் பேசுகிற பாட்டு வேண்டும் என்று பின்னால் பேட்டிகளில் சொன்னார்.

நேராகப் பேசுகிற பாட்டு எங்கே கிடைத்தது? லண்டனின் கேம்டன் பகுதி மதுக்கடை ஒன்றின் ஜூக்பாக்ஸில், காசு போட்டால் பாட்டுப் போடும் பெட்டியில். காதலித்தவர் தன் பழைய காதலியிடமே திரும்பிப் போய்விட்டார். ஏமி பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டும் குடித்துக்கொண்டும் அறுபதுகளின் பெண் குழுக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். நியூயார்க்கின் ரோனெட்ஸ், குவீன்ஸ் பகுதியிலிருந்து வந்த ஷாங்ரி-லாஸ் போன்ற குழுக்கள். ஷாங்ரி-லாஸ் பாடல்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவை மூன்று நிமிட நாடகங்கள். பாட்டின் நடுவே பேசுவார்கள், அழுவார்கள், கடல் அலை கேட்கும், மோட்டார் சைக்கிள் உறுமும். காதல் போனால் உலகமே போச்சு என்று பதினாறு வயதுப் பெண் நம்புவாளே, அந்த நம்பிக்கையை அப்படியே பாட்டாக்கினார்கள். கெட்டிக்காரத்தனமெல்லாம் கிடையாது. ஏமிக்கு அப்போது தேவைப்பட்டது அதுதான்.

2006 மார்ச்சில் நியூயார்க்கில் மார்க் ரான்சன் என்ற தயாரிப்பாளரைச் சந்திக்கப் போகிறார். ரான்சன் லண்டனில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர், கிளப்களில் டிஜேவாக இருந்து பெயரெடுத்தவர். என்ன மாதிரி ஆல்பம் வேண்டும் என்று கேட்டார். பதிலுக்கு ஏமி ஷாங்ரி-லாஸைப் போட்டுக் காட்டினார். அன்று இரவே ரான்சன் பியானோவில் சில கார்டுகளைப் பிடித்து, அடியில் காலால் மிதித்து அடிக்கும் ஒரு கிக் டிரம்மும் மேலே எதிரொலியோடு ஒரு டாம்பரீனும் (சலங்கை வைத்த கைத்தட்டு) வைத்தார். மறுநாள் ஏமி அதைக் கேட்டார், பிடித்துப்போயிற்று. உட்கார்ந்து வரிகளை எழுதிவிட்டார். ஆல்பத்துக்குப் பெயர் தந்த பாட்டு அது.

ஆல்பத்தின் முதல் பாட்டு இன்னும் சுலபமாகப் பிறந்தது. இருவரும் நியூயார்க் தெருவில் நடந்து போகிறார்கள். குடியை விட மறுவாழ்வு இல்லத்துக்குப் போகச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன் என்று ஏமி பேச்சுவாக்கில் ஒரு வாக்கியம் சொல்கிறார். இது பல்லவி மாதிரி இருக்கிறதே என்று ரான்சன் நின்றுவிட்டார். ஏமி அதை மெதுவான புளூஸாகத்தான் முதலில் போட்டார். வேகத்தை ஏற்றச் சொன்னது ரான்சன். அந்த வேகத்தில்தான் உலகம் முழுக்க ஆடினார்கள், என்ன சொல்கிறார் என்று யாரும் பெரிதாகக் கவலைப்படாமல்.

சரி, பாட்டுகள் வந்துவிட்டன. சத்தத்துக்கு எங்கே போவது?

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் டாப்டோன் என்று ஒரு சின்ன இசை நிறுவனம். புஷ்விக் என்ற இடத்தில் ஒரு பழைய வீட்டைப் பிடித்து, இசைக்கலைஞர்களே சுத்தியலும் ஆணியுமாக நின்று ஸ்டூடியோ ஆக்கியிருந்தார்கள். கேப்ரியல் ராத்தும் நீல் சுகர்மேனும் தொடங்கிய நிறுவனம் அது. கணினியை ஒதுக்கிவைத்துவிட்டு டேப்பில் பதிவு செய்கிறவர்கள். டாப்-கிங்ஸ் என்பது அவர்களுடைய குழு. ரான்சன் தன் மாதிரிப் பதிவுகளை எடுத்துக்கொண்டு அங்கே போனார். ஏமியின் குரல் தனியாகப் பதிவானது, வயலின் கூட்டம் லண்டனில் சேர்ந்தது. பாட்டுகளின் முதுகெலும்பு மட்டும் இந்த வீட்டில் உருவானது.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பதிவில் டிரம் செட்டுக்கு மட்டுமே பத்து மைக் வைப்பது சாதாரணம். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி. ஒன்றின் சத்தம் இன்னொன்றில் ஏறாது, பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். டாப்டோனில் டிரம், பாஸ், கிட்டார், பியானோ எல்லாரும் ஒரே அறை, ஒரே நேரம், மிகக் குறைவான மைக். டிரம் சத்தம் பியானோ மைக்கில் ஏறும், கிட்டார் சத்தம் டிரம் மைக்கில் ஏறும். பிறகு எதையும் பிரிக்க முடியாது. கூட்டுக்குடும்பத்துச் சமையல்கட்டு மாதிரி, யார் என்ன செய்தாலும் வாசனை எல்லா அறைக்கும் போகும். ஒருவர் தப்பாக வாசித்தால் எல்லோரும் முதலிலிருந்து. அதனால் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே வாசித்தாக வேண்டும். அறுபதுகளின் இசைத்தட்டுகளில் நமக்குப் பிடிக்கிற அந்த இறுக்கமும் அந்த லேசான கலங்கலும் வந்தது இந்தக் கட்டாயத்தால்தான். கணினியில் பொத்தானை அமுக்கி அதைப் பின்னால் தூவ முடியும், தூவுகிறார்கள். கேட்டால் தெரிந்துவிடும்.

அப்படியானால் பழைய முறையில் பழைய பாட்டுதானே என்று கேட்கலாம். இல்லை, டிரம்ஸைக் கேளுங்கள். ஹோமர் ஸ்டைன்வைஸ் என்பவர் வாசித்திருக்கிறார். பெண் குழுக்களின் காலத்தில் ஃபில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரே அறையில் பல கிட்டார், பல பியானோ என்று அடுக்கி, எல்லாவற்றையும் எதிரொலி அறை வழியாக அனுப்பி ஒரு சுவர் மாதிரி எழுப்புவார். அதில் டிரம்ஸ் அந்தச் சுவருக்குள் ஒரு செங்கல். ‘பேக் டு பிளாக்’கில் டிரம்ஸ் முன்னால் வந்து நிற்கிறது, வறண்டு, கனத்து, மூஞ்சியில் அடிக்கிற மாதிரி. இது ஹிப்ஹாப் கற்றுக்கொடுத்த கேட்கும் முறை. ஹிப்ஹாப்காரர்கள் பழைய சோல் இசைத்தட்டை வாங்கியதே பாட்டுக்காக அல்ல. நடுவில் எல்லா வாத்தியமும் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் நான்கு வினாடி வருமே, அதைத் துண்டாக வெட்டிச் சுழலவிடுவதற்காக. இருபது வருடம் அந்த நான்கு வினாடிகளையே கேட்டு வளர்ந்த தலைமுறைக்குப் பழைய இசை என்றால் முதலில் டிரம்ஸ்தான். ரான்சன் அந்தத் துண்டை வெட்டி ஒட்டாமல், உயிரோடு ஆட்களை வைத்து வாசிக்கச் செய்தார்.

ஆல்பத்தில் ஆறு பாட்டு ரான்சனுடையது. மீதி ஐந்து சலாம் ரெமியுடையது. ரெமியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஃபியூஜீஸ், நாஸ் போன்ற ஹிப்ஹாப் ஆட்களோடு வேலை செய்தவர், ஏமியின் முதல் ஆல்பத்திலிருந்தே கூட இருந்தவர். மெதுவான சோகப் பாட்டாக ஏமி எழுதிவைத்திருந்த ஒன்றை எடுத்து, மார்வின் கேயும் டாமி டெரெலும் 1967-இல் மோடவுன் நிறுவனத்துக்காகப் பாடிய புகழ்பெற்ற ஜோடிப் பாட்டின் கார்டுகள் மேல் உட்காரவைத்தார். அந்தப் பழைய பாட்டை எழுதிய நிக் ஆஷ்ஃபர்ட், வாலரி சிம்ப்சன் தம்பதியின் பெயரும் முறையாகச் சேர்க்கப்பட்டது. மலை குறுக்கே நின்றாலும் வருவேன் என்கிற காதல் உறுதிக்குப் போட்ட இசை. அதன் மேல் நின்று ஏமி பாடுவது, போனவன் போனான், கண்ணீர் தானாகக் காயும் என்று. ஆல்பத்திலேயே கெட்டிக்காரத்தனமான இடம் இதுதான் என்பேன்.

இதே 2006-இல், இரண்டு மாதத்துக்கு மேல் முன்னதாக ஆகஸ்டில், அமெரிக்கப் பாப் நட்சத்திரம் கிறிஸ்டினா அகிலேராவும் இதே பக்கம் வந்தார். ‘பேக் டு பேசிக்ஸ்’ என்று இரண்டு தட்டு ஆல்பம். முதல் தட்டில் டிஜே பிரீமியர் பழைய பதிவுகளை வெட்டிப் புதுத் தாளம் செய்திருக்கிறார். இரண்டாவதில் லிண்டா பெர்ரி நேரடி வாத்தியங்களோடு பழைய சூழலையே எழுப்பப் பார்த்தார். நாற்பதுகளின் ஆண்ட்ரூஸ் சகோதரிகள் பாணியில் ஒரு பாட்டில் மூன்று குரலையும் அகிலேராவே பாடுவார். சாதாரணக் குரல் அல்ல அது. எனக்கு இன்றும் அந்த ஆல்பத்தில் சில பாட்டுகள் பிடிக்கும். ஆனால் அதில் பழைய காலம் ஓர் அலங்காரம். சிவப்பு உதட்டுச்சாயம், பிளாட்டின முடி, மாலுமி உடை என்று பத்தாண்டுக்குப் பத்தாண்டு மாறிக்கொண்டே போகும். ஏமியும் தலையில் உயரக் கொண்டை கட்டினார், ரோனெட்ஸைப் பார்த்துத்தான் கட்டினார். ரோனெட்ஸின் ரோனி ஸ்பெக்டரே செய்தித்தாளில் ஏமியின் படத்தைப் பார்த்து, இது நான்தானே என்று நினைத்தாராம். இருந்தாலும் அந்தக் கொண்டைக்குக் கீழே பேசியது 2006-ஆம் வருடத்துக் கேம்டன் பெண். கெட்ட வார்த்தை, கஞ்சா, துரோகம், அதிலும் தான் செய்த துரோகம். அறுபதுகளின் பெண்கள் பாட முடியாததையெல்லாம் அவர்கள் மெட்டிலேயே பாடினார்.

ஜாஸ் எங்கே போயிற்று? குரலில் இருக்கிறது. குழு தாளத்தின் மேல் நேராக நடக்கும்போது ஏமி ஒரு நூல் பின்தங்கி வருவார், வார்த்தையை இழுத்துப் பிடித்து, கடைசி நொடியில் தாளத்தில் இறக்குவார். டைனா வாஷிங்டனிடம் கேட்டுப் பழகியது. சோல் பாடகர்கள் பலர் உச்சத்துக்குப் போய்க் கதறுகிற இடத்தில் இவர் தணிந்து, கிட்டத்தட்ட அலுப்போடு சொல்லிவிட்டுப் போவார். அது இன்னும் கனமாக விழுகிறது.

2007-இல் பிரிட்டனில் அதிகம் விற்ற ஆல்பம் இது. 2008 பிப்ரவரியில் ஐந்து கிராமி விருதுகள். விசா தாமதமானதால் ஏமி லண்டனிலிருந்தே செயற்கைக்கோள் வழியாகப் பாடினார். அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2011 ஜூலை 23, மதுவால் இறந்தார், வயது 27. அந்த மார்ச்சில்தான் மூத்த அமெரிக்கப் பாடகர் டோனி பென்னெட்டோடு 1930-ஆம் வருடத்து ஜாஸ் பாட்டு ஒன்றைப் பதிவு செய்திருந்தார். ஸ்டூடியோவில் அவர் செய்த கடைசி வேலை அது. அவருடைய சாவைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, நான் கூட்டப்போவதில்லை.

பேசாமல் விட்ட ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாப்-கிங்ஸ் குழுவுக்கு ஏற்கெனவே ஒரு பாடகி இருந்தார், ஷரோன் ஜோன்ஸ். 1956-இல் பிறந்தவர். இளவயதில் வாய்ப்புத் தேடிப் போனபோது, ரொம்பக் கறுப்பு, ரொம்பக் குண்டு, ரொம்பக் குள்ளம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர். நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக வேலை பார்த்தார், வங்கிப் பண வண்டிக்குப் பாதுகாவலராகவும் இருந்தார். முதல் ஆல்பம் 2002-இல் வந்தபோது நாற்பதைத் தாண்டிவிட்டது வயது. அந்தப் புஷ்விக் வீட்டில் மின்சார இணைப்பு கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் பின்னால் நின்று வருடக்கணக்காக வாசித்து வாசித்துத்தான் அந்தக் குழுவுக்கு அந்த இறுக்கம் வந்தது. அந்தச் சத்தம் உலகப் புகழ் பெற்றதோ இன்னொருவர் குரலோடு. சோல் இசையில் இது புதுக்கதை இல்லை. மோடவுன் நிறுவனத்தில் வருடக்கணக்கில் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் கலைஞர்களின் பெயர் ஆல்பம் உறையில் வந்ததே 1971-இல்தான். டாப்-கிங்ஸ் விஷயத்தில் பெயராவது போட்டார்கள், 2007-இல் ஏமியோடு அமெரிக்கச் சுற்றுப்பயணமும் போனார்கள். அதனால் ஷரோனின் கச்சேரிகளுக்கும் கூட்டம் கூடியது என்பது உண்மை. 2016-இல் புற்றுநோயால் இறக்கும்வரை மேடையை அவர் விடவில்லை.

இனி ஒரு வேலை வைக்கிறேன். ‘பேக் டு பிளாக்’ பலரிடம் இருக்கும், ஃபோனிலேயே கிடைக்கும். பாட்டை விட்டுவிட்டு ஒரு தடவை டிரம்ஸையும் பாஸையும் மட்டும் தொடர்ந்து கேளுங்கள். அது முடிந்ததும் ஷரோன் ஜோன்ஸ் 2007-இல் வெளியிட்ட ‘100 டேஸ், 100 நைட்ஸ்’ ஆல்பத்தைப் போடுங்கள். அதே வீடு, அதே குழு. இந்தத் தடவை குரலையும் கேளுங்கள். வணக்கம்.