மீசைக்குச் சாயம், நெற்றிக்குச் சாபமா?

நடுவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலை அல்சூர் ஏரிக் காற்றை விட்டுவிட்டு இந்த அரங்கின் மின்விசிறிக் காற்றை நம்பி வந்திருக்கும் பெங்களூருத் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

கத்தி வைக்காமல் முகத்தை இளமையாக்கும் சிகிச்சைகள் தேவையா, தேவையற்றவையா என்பது இன்றைய தலைப்பு. 'தேவையே' என்ற அணியில் நான் பேசுகிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று முறை பெரிய கைதட்டல் வாங்கினார். நேர்மையாகக் கணக்குப் பார்த்தால் அதில் இரண்டு ஔவையாருக்கும் காரைக்கால் அம்மையாருக்கும் போய்ச் சேரவேண்டியவை. பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கியவர் ஔவை. அழகிய உடம்பை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டவர் காரைக்கால் அம்மை. அவர்கள் வழிவந்த பெண்களா இன்று கிளினிக் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்பது என்று கேட்டார். அரங்கம் அதிர்ந்தது. நானும் தட்டினேன்.

தட்டிவிட்டு யோசித்தேன். அந்த இருவரும் செய்தது என்ன? தங்கள் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். ஊரைக் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்களைக் கேட்கவில்லை. கணவனையும் கேட்கவில்லை, காரைக்கால் அம்மையின் கணவன் அதற்கு முன்பே பயந்து கப்பலேறிவிட்டான், அது தனிக் கதை. ஒருவர் ஆனைமுகனிடம் போனார், ஒருவர் சிவபெருமானிடம் போனார், நான் தோல் மருத்துவரிடம் போனேன். அவர்கள் கேட்டது முதுமை, நான் கேட்டது கொஞ்சம் இளமை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருந்த முகத்தை மாற்றிக்கொண்ட இரண்டு பெண்களைச் சாட்சிக்கு அழைத்து, முகத்தை மாற்றக் கூடாது என்று வாதாடிய வழக்கறிஞரை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

தலைவர் எனக்கு அண்ணன் போன்றவர், கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில் ஒன்று கேட்கிறேன். பணி ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன என்று அவரே சற்று முன்பு சொன்னார். மீசை மட்டும் இன்னும் பணியில் இருக்கிறதே, எப்படி? தலைமுடிக்கும் மீசைக்கும் பூசும் கருஞ்சாயங்கள் பலவற்றில் பாராஃபெனிலின்டையமின் என்ற ரசாயனம் இருக்கிறது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகமே வீங்கிப்போகும். அதனால்தான் முதலில் கையில் தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள் என்று பொட்டலத்திலேயே அச்சிடுகிறார்கள். அண்ணா, பொறுத்துப் பார்த்தீர்களா? நாளை காலை கல்யாணம், இன்று இரவு சாயம். அதுதானே நம் வழக்கம்? அதற்கு யாரும் பட்டிமன்றம் வைப்பதில்லை. மீசைக்கு என்றால் சாயம். நெற்றிக்கு என்றால் மட்டும் சாபமா?

அடுத்து, விஷம். "முகத்தில் விஷத்தை ஏற்றிக்கொள்கிறார்கள்" என்று தலைவர் குரலைத் தாழ்த்திச் சொன்னபோது முன்வரிசையில் ஒரு பாட்டி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். உண்மைதான் பாட்டி, நெற்றிக் கோடுகளைப் போக்க ஊசியில் ஏற்றும் போடாக்ஸ் விஷம்தான். கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு நுண்ணுயிரி சுரப்பது. லத்தீன் மொழியில் 'போட்டுலஸ்' என்றால் சாசேஜ், குடலில் இறைச்சியை அடைத்துச் செய்யும் பண்டம். கெட்டுப்போன சாசேஜைத் தின்று ஜெர்மனியில் ஆட்கள் செத்தார்கள். அந்தப் பெயரே விஷத்துக்கும் ஒட்டிக்கொண்டது. 'சுருங்கு' என்று தசைக்கு நரம்பு அனுப்பும் வேதிச் செய்தியை இது வெளியே விடாமல் மறித்துவிடும். அந்த மறிப்பை மருந்தாக்கலாம் என்று காட்டியவர் சான்பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். யாருக்காக? நடிகைகளுக்காக அல்ல, மாறுகண் உள்ளவர்களுக்காக. 1989-ல் அமெரிக்காவில் முதல் அனுமதி மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான் கிடைத்தது.

நெற்றிக்கு எப்படி வந்தது என்பது சுவையான கதை. கனடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கரூதர்ஸ் என்ற கண் மருத்துவர் இமைத் துடிப்புக்கு இந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நோயாளி, இந்த முறை நெற்றியில் ஏன் போடவில்லை என்று கோபித்துக்கொண்டார். அங்கே துடிப்பே இல்லையே என்றார் மருத்துவர். இருக்கட்டும், அங்கே போட்டால் என் முகம் சாந்தமாகிவிடுகிறது என்றார் அந்த அம்மாள். ஜீனின் கணவர் அலஸ்டர் தோல் மருத்துவர். இருவரும் பேசி முடிவு செய்ததும், கிளினிக்கின் வரவேற்பாளர்தான் துணிந்து தன் நெற்றியைக் கொடுத்தார். 2002-ல் புருவ நடுக் கோடுகளுக்கு அமெரிக்காவில் அனுமதி வந்தது. அளவு 20 யூனிட், ஐந்து இடங்களில் பிரித்து. இதே மருந்தைத்தான் தீராத ஒற்றைத் தலைவலிக்கும், மூளைவாதம் கொண்ட குழந்தைகளின் இறுகிப்போன கால்தசைக்கும் போடுகிறார்கள். அந்தக் குழந்தையின் தாயிடம் போய், விஷம் ஏற்றுகிறாயே அம்மா என்று நம் தலைவர் சொல்வாரா?

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்றார். நான் 22 ஆண்டுகளாகக் கணக்கு வாத்தியார். கரும்பலகைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, இரண்டு புருவங்களுக்கு மத்தியில் 11 என்று எழுதினாற்போல இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. நல்ல மனநிலையில் வகுப்புக்குள் நுழைந்தாலும், "மிஸ், ஏன் கோபமாக இருக்கிறீர்கள்?" என்று முதல் வரிசைப் பிள்ளை கேட்கும். கேட்டுக் கேட்டு எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிடும். என் அகத்தில் இல்லாத ஒன்று முகத்தில் தெரிந்துகொண்டிருந்தது, நடுவர் அவர்களே. ஊசி போட்ட பிறகுதான் அந்தப் பழமொழி என் விஷயத்தில் மெய்யானது. முகம் சிலையாகிவிடும் என்று பயமுறுத்தினார்களே, ஆகவில்லை. பிள்ளைகள் இன்னும் நடுங்குகிறார்கள். குரலுக்கு யாரும் ஊசி போடவில்லை.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் பெயர் கொடுத்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மூத்தவளுக்கு நிச்சயதார்த்தம் குறித்திருந்தோம். என் கன்னம் இரண்டிலும் மங்கு படர்ந்திருந்தது. நாத்தனார் வீட்டுக்கு வந்தவள், "அண்ணி, முகத்தில் என்ன, சாம்பல் அப்பினாற்போல?" என்றாள். கெட்ட எண்ணம் இல்லை, வாய் அப்படி. தோல் மருத்துவரிடம் போகலாமா என்று நினைத்தேன். போனால் வீட்டுக்குத் தெரியும். தெரிந்தால் என்ன சொல்வார்கள்? "கல்யாணம் பொண்ணுக்கா, அம்மாவுக்கா?" என்பார்கள். தலைவர் இன்று மேடையில் சொன்ன நகைச்சுவை இருக்கிறதே, கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருப்பார்கள். அதனால் யாருக்கும் தெரியாமல், நான்கு தெரு தள்ளி ஓர் அழகு நிலையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். இருபது வயதுப் பெண் ஒருத்தி, 'பழ அமிலம், மேடம்' என்று எதையோ முகத்தில் பூசினாள். பழம் என்று கேட்டதும் எனக்கு நிம்மதி. எரிகிறது அம்மா என்றேன். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றாள்.

வேலை செய்தது. நான்காம் நாள் தோல் உரிந்தது. உரிந்த இடமெல்லாம் முன்னைவிடக் கருத்தது. அதை மறைக்கப் பூசிய பூச்சில், நிச்சயதார்த்தப் புகைப்படங்களில் நான் சுவருக்கு வெள்ளையடித்தாற்போல இருப்பேன். அந்தத் திட்டுகள் மங்க எட்டு மாதம் ஆயிற்று. கணவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பாவம், அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டில் இறாலே வாங்கவில்லை.

பிறகு வேறு வழியில்லாமல் தோல் மருத்துவரிடம் போனபோது அவர் மூன்று கேள்வி கேட்டார். எத்தனை சதவீத அமிலம், எத்தனை நிமிடம் வைத்தார்கள், எதைப் பூசி அதை நிறுத்தினார்கள்? எனக்கு ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. கணக்கு வாத்தியாருக்கு! கிளைகாலிக் என்ற பழ அமிலத்தால் மேல்தோலை உரிக்கும் 'பீல்' செய்யும்போது இந்த மூன்றும் பிசகக் கூடாது. மேலும், நம்முடையது மாநிறத் தோல். வெள்ளைக்காரர்களைவிட நமக்குச் சுருக்கம் தாமதமாகத்தான் விழும். ஆனால் சின்னக் காயம், சூடு, எரிச்சல் எது பட்டாலும் நம் தோல் நிறமியைக் கொட்டிக் கருத்துவிடும். லேசருக்கும் இதே எச்சரிக்கைதான். வெள்ளைத் தோலுக்கு வைக்கும் அளவை நமக்கு வைத்தால் சுட்டுவிடும். இதையெல்லாம் படித்தவர் செய்ய வேண்டிய வேலையை, நான் ஒளிந்துபோய் படிக்காதவரிடம் செய்துகொண்டேன்.

தலைவர் சொன்ன ஆபத்துகள் எல்லாம் மெய். ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆபத்து எந்த வாசல் வழியாக வருகிறது என்று மட்டும் பாருங்கள். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்று மருத்துவர்கள் துருவிப் பார்த்தபோது அகப்பட்டது என்ன? பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம். அதைத் தோல் மருத்துவர் எழுதிக் கொடுக்கவில்லை. ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியிருந்தது. ஏன்? பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், ஓடிப்போய் வாங்கினேன், யாருக்கும் தெரியாமல் பூசினேன் என்று முகம் சிவந்து மெலிந்துபோன பெண்கள் அவ்வளவு பேர். நீங்கள் கேலி செய்யச் செய்ய, பெண்கள் ஆசையை விடுவதில்லை அண்ணா. விளக்கை அணைத்துவிட்டுப் பூசிக்கொள்கிறார்கள்.

சிவப்பழகு விற்பவர்களுக்காக நான் வாதாட வரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தலைவர் தன் பேச்சில் வெளுப்பையும் இளமையையும் ஒரே உரலில் போட்டு இடித்தார். எனக்கு என் நிறம் போதும். எனக்கு இருந்த குறை, என் நிறமே என் முகத்தில் ஒரே சீராக இல்லை என்பதுதான்.

ஃபில்லர், அதாவது முகத்தின் பள்ளங்களை நிரப்பும் ஊசி பற்றியும் மறைக்க மாட்டேன். மாட்டின் கண்ணிலிருந்து 1934-ல் முதன்முதலாகப் பிரித்தெடுத்த ஹயலுரானிக் அமிலம் இன்று கன்னப் பள்ளத்தை நிரப்புகிறது. தவறி ரத்தக் குழாய்க்குள் போனால், அரிதாகத்தான், பார்வையே போகலாம். கரைக்கும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்பவரிடம் மட்டுமே போக வேண்டும். நான் போட்டுக்கொள்ளவில்லை, பயம். போட்டுக்கொண்டவரைக் கேலி செய்யவும் மாட்டேன்.

என்னை மருத்துவர் முதல் நாளே நாற்காலியில் சாய்த்து ஊசி போட்டார் என்றா நினைக்கிறீர்கள்? ஆறு மாதம் வெறும் சன்ஸ்கிரீனும், இரவில் ஒரு பட்டாணி அளவு ட்ரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகை க்ரீமும்தான். எனக்கு ஏமாற்றம். "டாக்டர், இங்கே வெயிலே இல்லையே, இது பெங்களூர்தானே?" என்றேன். சிரித்தார். இந்த ஊர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. சென்னையில் வெயில் உறைக்கும், நிழலுக்கு ஓடுவோம். இங்கே குளிர்காற்று தடவிக்கொடுக்கும், வெயிலில் நின்றுகொண்டே கடலை கொறிப்போம். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் காருக்குள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கும் விடுதலை இல்லை. தோலை முதுமையாக்கும் புற ஊதா ஏ கதிர் பக்கவாட்டுக் கண்ணாடியைத் துளைத்து வரும். அமெரிக்காவில் 28 ஆண்டு லாரி ஓட்டிய ஒருவருடைய படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. வயது 69. ஜன்னல் பக்கம் இருந்த இடக் கன்னம் மட்டும் அவருடைய அப்பாவின் கன்னம் போலத் தொங்குகிறது. நம் ஊர் ஓட்டுநர்கள் வலக் கன்னத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு.

இந்த விவரமெல்லாம் எனக்கு எங்கே கிடைத்தது? தலைவர் கேலி செய்த அதே கிளினிக் நாற்காலியில்தான்.

செலவு என்றார். நான்கு மாதத்தில் கலைந்துபோகும் ஊசிக்கு இவ்வளவா என்றார். எனக்கு ஆனது சுமாரான ஒரு பட்டுச்சேலையின் விலை. அந்தச் சேலையை நான் வருடத்துக்கு இரண்டு முறை கட்டுகிறேன், முகத்தைத் தினமும் கட்டிக்கொள்கிறேன். நான்கு மாதம் குறைவு என்றால், மீசைச் சாயம் எத்தனை நாள் அண்ணா?

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஒரே நிமிடம்.

போன மாதம் இரவு பதினோரு மணிக்கு நாத்தனார் தொலைபேசியில் அழைத்தாள். சுற்றி வளைத்துவிட்டு, "அண்ணி, அந்தத் தோல் மருத்துவரின் எண்ணைக் கொஞ்சம் அனுப்புங்கள். உங்கள் தம்பிக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்றால், தன் கணவரை. அனுப்புகிறேன், ஆனால் அவரையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் மட்டும் என்றேன். அரை மணி நேரம் பதிலே இல்லை. பிறகு ஒரு செய்தி வந்தது: "கேட்டுவிட்டேன். அவரும் வருகிறாராம். கண்ணுக்குக் கீழே பை விழுந்திருக்கிறதாம் அவருக்கு."

இருவரும் இந்த அரங்கில்தான் இருக்கிறார்கள். எந்த வரிசை என்று நான் சொல்ல மாட்டேன். நன்றி, வணக்கம்.