வட்டைக்கு வராத அரசியல் செய்தி

(வாசிப்பு மாதத்தை ஒட்டி, இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் நடந்த வாசகர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. வர முடியாமல் போனவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறேன்.)

அவையிலுள்ள அனைவருக்கும் வணக்கம்.

நான் பத்திரிகைக்காரன் இல்லை. விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாள் தவறாமல் பத்திரிகை வாசிக்கிறவன் என்ற ஒரே உரிமையில்தான் இங்கே நின்று பேசுகிறேன்.

நெல்லில் இருந்தே தொடங்குகிறேன். 2025 பெப்ரவரி 5ஆம் திகதி அரசாங்கம் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது. கிலோவுக்கு நாடு நெல் 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. அடுத்து வந்த நாட்களில் நான் வாசித்த பத்திரிகைகளில் இந்த விலையைப் பற்றி அமைச்சர் சொன்னது இருந்தது, எதிர்க்கட்சிக்காரர் அதற்குச் சொன்ன பதில் இருந்தது, அந்தப் பதிலுக்கு இன்னொருவர் விட்ட அறிக்கையும் இருந்தது. எல்லாம் முன்பக்கத்தில், படத்தோடு.

ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் ஜனவரியிலேயே வெட்டு மெஷின் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கிவிட்டது. கடன்பட்டு விதைத்தவன், உரக்கடைக்காரனுக்கும் மெஷின்காரனுக்கும் காசு கொடுக்க வேண்டியவன், வெட்டிய நெல்லை வட்டை ஓரத்திலேயே லொறியில் ஏற்றிவிட்டான். லொறிக்காரன் சொன்னதுதான் விலை. உத்தரவாத விலை வந்த அன்று அவனிடம் விற்க நெல் இல்லை. கையில் நெல் இருந்தவனுக்கும் வேறு சிக்கல். அரசாங்கத்துக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மெஷினில் இருந்து விழுகிற நெல் அந்த அளவில் இருக்காது, காயப்போட வேண்டும். தளம் இல்லாதவன் தார் ரோட்டில் படங்கு விரித்துக் காயப்போடுவான். அந்த நேரம் பார்த்து மழை இறங்கினால் அதுவும் போச்சு.

இதை நான் விவசாயச் செய்தி என்று ஒதுக்க மாட்டேன். அரசியல் செய்தி என்றால் இதுதான். விலை ஏன் அறுவடைக்கு முன்னால் வரவில்லை? எங்கள் பக்கத்துக் களஞ்சியம் எந்தத் திகதியில் திறந்தது? அங்கே எத்தனை மூடை வாங்கினார்கள்? எத்தனை பேரை ஈரப்பதம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள்? ஒருவர் காலையில் மோட்டார் சைக்கிளில் வெல்லாவெளிக்குப் போய் நாலு பேரிடமும் களஞ்சியப் பொறுப்பாளரிடமும் கேட்டால் மத்தியானத்துக்குள் பதில் கிடைக்கும். நான் வாசித்த எதிலும் அது இல்லை.

எங்கள் அரசியல் இதழியல் மீது எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். அது வாய்களைப் பின்தொடர்கிறது, விசயத்தைப் பின்தொடர்வதில்லை. யார் யாரைச் சாடினார், யார் எதை வலியுறுத்தினார், யார் எங்கே விஜயம் செய்தார் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. சொன்னது உண்மையா, சொன்ன பிறகு என்ன நடந்தது என்று பார்க்க ஆளில்லை.

ஒருநாள் மூன்று பத்திரிகைகளை வாசிகசாலை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஓர் அரசியல்வாதி ஒரு வீதி வேலையைத் தொடக்கி வைத்த செய்தி. மூன்றிலும் அதே தலைப்பு, அதே வசனங்கள், அதே படம். ஊரின் பெயரில் விழுந்திருந்த எழுத்துப்பிழைகூட மூன்றிலும் ஒன்று. அவருடைய ஊடகப் பிரிவு வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். வீதிக்கு எவ்வளவு காசு, யாருக்கு ஒப்பந்தம், எப்போது முடியும் என்று ஒரு வரியும் இல்லை.

இதற்குப் பிரதேசச் செய்தியாளரைத் திட்டுவது நியாயமில்லை. அவர்களில் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது. போட்ட செய்திக்கு மட்டும் காசு, அதுவும் பெற்றோல் செலவுக்குக் காணாது. வாகரைக்குப் போய் ஒருநாள் நின்று விசாரித்து எழுதினாலும் ஒரு செய்திதான், வீட்டில் இருந்தபடி அறிக்கையை அனுப்பினாலும் ஒரு செய்திதான். அவர் எதைச் செய்வார்? இந்தக் கணக்கை அரசியல்வாதிகள் நன்றாக விளங்கி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஊடகப் பிரிவுக்கு ஆள் வைத்திருக்கிறார்கள்.

அதோடு, இந்த மண்ணில் எழுதியவர்கள் கொடுத்த விலை எங்களுக்குத் தெரியும். நெல்லியடியில் பிறந்து மட்டக்களப்பில் வாழ்ந்து எழுதிய ஐயாத்துரை நடேசனை 2004 மே 31இல் மட்டக்களப்பு நகரத்திலேயே சுட்டார்கள். மட்டக்களப்பின் பிள்ளை தராக்கி சிவராமை 2005 ஏப்ரல் 28இல் கொழும்பில் வைத்துக் கடத்தினார்கள். மறுநாள் உடல்தான் கிடைத்தது. திருகோணமலையில் மாணவர்கள் ஐவர் கொல்லப்பட்டபோது அவர்கள் துப்பாக்கியால் சுடப்பட்டதைப் படம் எடுத்து வெளிக்கொண்டுவந்த சுகிர்தராஜனை 2006 ஜனவரி 24இல் கொன்றார்கள். இரண்டு கட்டுரைகளுக்காகத் திஸ்ஸநாயகத்துக்கு 2009இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 20 வருசச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். அந்தப் பயம் ஒரு தலைமுறைக்குள் போய்விடாது. காணி விசயத்தை விசாரிக்கப் போகிற பிள்ளைக்கு இன்றைக்கும் முதலில் அம்மாதான் தடை. அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களின் நினைவுநாட்களில் காந்தி பூங்காவில் கூடி விளக்கேற்றுகிறோம், நல்லது. அவர்கள் செய்த மாதிரி விசாரித்து எழுத மறுநாள் ஒருவருக்காவது காசும் காவலும் கொடுக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையை எடுங்கள். அங்கே அத்துமீறிப் பயிர்செய்பவர்களை வெளியேற்றக் கோரி 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். தலைவர்கள் வந்த நாளெல்லாம் அது செய்தி. தலைவர்கள் வராத நாளில் கொட்டகை இருந்ததே வெளியில் தெரியவில்லை. மாடு சுடுபட்டால் செய்தி வருகிறது, சரி. ஆனால் அந்தக் காணி மகாவலி அதிகார சபையின் கீழ் எப்படிப் போனது, நீதிமன்றம் என்ன சொன்னது, அதை யார் நடைமுறைப்படுத்தவில்லை என்று ஒருவர் முதலில் இருந்து கடைசிவரை எழுதியதை நான் தேடித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. கறவை குறைந்துபோன வீட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைக் கொட்டகையில் இருந்தவர்கள் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது இன்னும் கசப்பானது. மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களிலும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியில்தான் வாசிக்கிறோம், ஆனால் ஒரே செய்தியை வாசிப்பதில்லை. 2019 ஜூனில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்தக் கோரித் தமிழர் தரப்பில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதற்கு எதிராக முஸ்லிம்களும் அங்கேயே சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இரண்டு பந்தலுக்கும் இடையில் நடந்துபோகலாம். நான் வாசித்த செய்திகளில் பெரும்பாலானவை ஒரு பந்தலில் மட்டுமே எழுதப்பட்டவை. மற்றப் பந்தலில் இருந்தவர் எதற்குப் பயப்படுகிறார், எல்லை எங்கே போடப்படும் என்று நினைக்கிறார், எந்தக் கடைத்தெரு யாருடைய வருமானத்தில் சேரும் என்று கேட்டு எழுதியவர் மிகக் குறைவு. முப்பது வருசத்துக்கும் மேலாக இழுபடுகிற ஒரு நிர்வாகப் பிரச்சினையின் வரைபடத்தை ஒரு பத்திரிகை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தால், எத்தனையோ வீட்டில் அதை விரித்துவைத்துப் பேசியிருப்பார்கள்.

இப்படிப் பிரிந்து வாசிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அம்பாறை நகரமே சாட்சி. 2018 பெப்ரவரி 26 இரவு, முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்தது. அது கருத்தடை மாத்திரை என்று சத்தம் போட்டார்கள். கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை, மிரட்டிக் கேட்டபோது தலையாட்டிவிட்டார். அந்தக் காணொளி பேஸ்புக்கில் பரவியது. கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுப்பொருள் என்று வந்தது. ஆனால் அந்த அறிக்கை வருவதற்கு முன்பே மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்துவிட்டன. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது.

பேஸ்புக்கை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. அடுத்த வருசம், 2019 மே 23இல், திவயின என்ற சிங்கள நாளிதழ் 4000 சிங்களப் பெண்களுக்கு ஒரு முஸ்லிம் வைத்தியர் இரகசியமாகக் கருத்தடை செய்ததாக முன்பக்கத்தில் போட்டது. ஈஸ்டர் குண்டுவெடிப்பில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் எங்கள் பிள்ளைகள் செத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கோபத்தில், அந்தத் துக்கத்தில், எங்கள் ஆட்களிலும் சிலர் அதை உண்மையென்று நம்பிப் பகிர்ந்தார்கள். எங்களைப் பற்றி வருகிற பொய்யை உடனே கண்டுபிடிக்கிற கண், பக்கத்து ஊரானைப் பற்றி வருகிற பொய்யைக் கண்டும் காணாமல் விடுகிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசிய மக்கள் சக்தி 159 ஆசனம் எடுத்தது, யாழ்ப்பாணத்திலும் முதலிடம். நாடு முழுவதிலும் அது முதலாவதாக வராத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. இங்கே ஐந்து ஆசனத்தில் மூன்று தமிழரசுக் கட்சிக்கு. ஏன் என்று கொழும்பில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் விளக்கம் எழுதினார்கள். வாக்களித்த கிரான்காரனையோ பட்டிப்பளைக்காரனையோ கேட்டு எழுதிய ஒன்றை நான் இன்னும் வாசிக்கவில்லை.

சரி, வாசகர்களாகிய நாங்கள் என்ன செய்யலாம்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. பத்திரிகைக்காரராக இருக்கத் தேவையில்லை, எந்தப் பிரஜையும் கேட்கலாம், தமிழில் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. பக்கத்து ஊர் விவசாயிகள் ஒரு வாய்க்கால் கட்டு வேலையைப் பற்றி இப்படிக் கேட்டார்கள். வந்த கடிதத்தை நான் பார்த்தேன். மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தகாரர், கொடுத்த காசு எல்லாம் இருந்தன. வேலை முடிந்தது என்று ஒரு திகதியும் போட்டிருந்தார்கள். கட்டு அரைவாசியில் நிற்கிறது. அந்தக் கடிதத்தை அவர்கள் ஒரு செய்தியாளரிடம் கொடுத்தார்கள், அவர் போய்ப் படம் எடுத்து எழுதினார். அந்த வருசம் எங்கள் பக்கத்தில் இருந்து வந்த அரசியல் செய்திகளில் நான் வெட்டி வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.

பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்த இளம் செய்தியாளர் ஒருவர் எழும்பிக் கேட்டார்: "ஐயா, நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு செய்திக்கு மூன்று நாள் அலைந்தால் நான் எதைச் சாப்பிடுவது?"

நான் சொன்னேன்: தம்பி, கேள்வி நியாயமானது. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறோம்? காலையில் யாரோ வாட்ஸ்அப் குழுவில் போடுகிற பீடிஎவ்வைத்தான் வாசிக்கிறோம். முதலில் அதை நிறுத்த வேண்டும். இரண்டாவது, இந்த வாசகர் வட்டம் மாதம் ஒரு விசயத்தைத் தெரிவு செய்யட்டும். அதை விசாரிக்கப் போகிறவரின் பெற்றோலையும் சாப்பாட்டையும் நாங்கள் சேர்ந்து கொடுப்போம். என்ன எழுத வேண்டும் என்று ஒரு சொல்லும் நாங்கள் சொல்லக் கூடாது. எங்கள் ஊருக்கே பாதகமாக வந்தாலும் அடுத்த மாதக் காசு நிற்கக் கூடாது. முதல் விசயமாகக் கல்முனையை வைக்கலாம் என்பது என் விருப்பம். ஒரு தமிழ்ச் செய்தியாளரும் ஒரு முஸ்லிம் செய்தியாளரும் சேர்ந்து போகட்டும். என் பங்கு ஐயாயிரம் ரூபா, கூட்டம் கலையும் முன்பே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.