அங்க அடையாளம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் டப்பாவில் துண்டுகள்தான் கிடக்கும். அதையும் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். வீட்டுத் திண்ணையில் டீச்சர் விளையாட்டு விளையாட வேண்டுமே! நானும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர்கள், இரண்டு அறைகள், ஒரு வேப்பமரம். மூன்றாம் பருவத் தேர்வு முடிந்ததும் பெற்றோர் வந்து முதலில் கேட்பது, "புள்ள பாசா டீச்சர்?" என்றுதான். பாஸ்தான். நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. ஆகவே அந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரே பதில்தான். "என் பிள்ளை என்னத்தை வாசிக்கிறான், கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்க" என்று கேட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். எழுத்தெல்லாம் தெரியும். க என்றால் க, ழி என்றால் ழி. ஆனால் 'கோழி' என்று எழுதிப் போட்டால் "கே... கா... ழி" என்பான். யோசித்துப் பார்த்தால் அவன் மேல் தப்பே இல்லை. இரட்டைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, சத்தம் மட்டும் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றாக வர வேண்டும். கண் போகும் வரிசை வேறு, வாய் போகும் வழி வேறு. நமக்குப் பழகிப்போனதால் இது ஒரு கஷ்டம் என்பதே மறந்துவிட்டது. (1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து யானைத் துதிக்கை போட்ட 'லை', 'னை' எல்லாம் போனதே, அப்போது இந்தக் கொம்புக்கும் ஒரு வழி பண்ணியிருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். சரி, அது வேறு கதை.)

2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். இவன் அரும்பு. ஜூனிலும் அரும்பு, பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோதும் அரும்பு. எழுத்து அட்டை காட்டினேன், மணலில் எழுத வைத்தேன், பாட்டாகப் பாடினேன். கொம்பும் காலும் சேரவே இல்லை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. காலை உணவுத் திட்டத்தில் எங்களுக்குப் புதன் என்றால் பொங்கல். என்ன சாப்பாடு என்று கரும்பலகை ஓரத்தில் எழுதி வைப்பது வழக்கம். சமைக்கிற அக்கா மூடியைத் திறந்ததும் மிளகு வாசனை வகுப்புக்குள் வந்தது. பையன் பலகையைப் பார்த்தான். "பொங்கல்" என்றான். பெ இல்லை, பா இல்லை, பொ! மூக்கு சொன்னதைத்தான் வாய் சொல்கிறது என்று எனக்குச் சந்தேகம். பக்கத்திலேயே 'தொட்டி' என்று எழுதினேன். வாசித்தான். 'கோழி' எழுதினேன். சிரித்துக்கொண்டே வாசித்தான். அதற்குள் பொங்கல் ஆறிப்போயிற்று, எனக்கும் அவனுக்கும்.

மே மாதம் முழுக்கப் பூட்டிக் கிடந்து ஜூனில் திறக்கும்போது இதில் பாதி மறந்திருக்கும். அது வருஷா வருஷம் நடப்பதுதான். பாதி மிஞ்சும் என்றும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், ஐந்தாம் வகுப்பு. அவர்களுக்கு ஜூனில் நான் டீச்சர் இல்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி உயர்நிலைப் பள்ளி, பஸ் பாஸ், பாடத்துக்கு ஒரு ஆசிரியர். போன வருடம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மாற்றுச் சான்றிதழ் தயார் செய்துகொண்டிருந்தேன். இப்போதெல்லாம் கணினியில் அச்சாகி வந்துவிடுகிறது, நாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான். அங்க அடையாளங்கள் என்ற இடத்தில், ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது அவன் அம்மா காட்டிய மச்சம் இருந்தது: இடது முன்கையில் ஒன்று. மேசைக்கு எதிரே நின்றவன் அதை வாசித்துவிட்டுக் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் ஏற்றினான். மூன்றாம் வகுப்பில் எங்கள் வேப்பமரத்திலிருந்து விழுந்தது. நான்தான் கழுவி மருந்து போட்டேன். வெள்ளையாகத் தழும்பு.

"டீச்சர், இதையும் சேர்த்து எழுதுங்க" என்றான்.

வணக்கம்.