வாய்க்குப் பூட்டுப் போடச் சொன்னவருக்கு

நடுவர் அவர்களுக்கும் மன்னார்குடிப் பெருமக்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

"உடல் பருமனுக்குக் காரணம் தனிமனித அலட்சியமா, வாய்த்த வாழ்க்கையா?" இதுதான் தலைப்பு. நான் வாழ்க்கைதான்னு பேச வந்தவன். எனக்கு முன்னாடி எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார்: "வாய்க்குப் பூட்டுப் போட்டா வயிறு தானா உள்ளே போகும். இதுக்கு எதுக்கு படிப்பு, ஆம்பளை, பொம்பளை, இனம்னு ஆராய்ச்சி?" நீங்களும் கை தட்டுனீங்க. அதே கையோட எங்க பெரியம்மா கதையையும் கேளுங்க.

பெரியம்மாவுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். குறுவைக்கும் சம்பாவுக்கும் நாத்துப் பறிச்சு, நடவு நட்டு, களையெடுத்த உடம்பு. நடவுக்கு மெஷின் வந்துச்சு. களைக்கு மருந்து வந்துச்சு. அறுப்புக்கும் மெஷின் வந்துச்சு. வேலை போச்சு, சோறு மட்டும் அதே சோறு. எடை ஏறுச்சு, சர்க்கரையும் வந்துச்சு. டாக்டர் சொன்னார்: "தினமும் ஒரு மணி நேரம் நடங்கம்மா."

நடந்தாங்க. முதல் நாள், வாய்க்கால் கரை. சைக்கிள்ல வந்தவர் கால் ஊன்றி நின்னார்: "என்னக்கா, மாட்டைக் காணுமா?" "இல்ல தம்பி, சும்மா நடக்குறேன்." சும்மாவா! ஒரு பொம்பளை சும்மா நடக்கலாமா? மறுநாள் டீக்கடையிலேர்ந்து ஒரு குரல்: "யார் வீட்ல துக்கம்?" மூணாம் நாள் ஊரே முடிவு பண்ணிட்டுது: புருஷனோட சண்டை, அக்கா கோவிச்சுக்கிட்டுப் போகுது! சேதி திருவையாறு போய்ச் சேர்ந்துச்சு, தம்பி வீட்டுக்கு. தம்பி பதறியடிச்சு பஸ் ஏறி வந்துட்டார், சமாதானம் பேச. அக்கா வீட்டுக்கு வெறுங்கையோட வருவாரா? ஒரு கிலோ அசோகா அல்வா! எடை குறைக்கக் கிளம்புனவங்களுக்கு நெய் வழியுற அசோகா! அன்னியோட நடை நின்னு போச்சு.

அதே கரையில ரிட்டயரான ஆம்பளைங்க வெள்ளை ஷூ போட்டு நடக்குறாங்க. ஒருத்தர்கிட்டயாவது "மாட்டைக் காணுமா"ன்னு யாராவது கேட்டாங்களா? இப்ப சொல்லுங்க நண்பரே, பூட்டு எந்த வாய்க்கு? பெரியம்மா வாய்க்கா, டீக்கடை வாய்க்கா?

சரி, சாப்பாட்டைக் குறைக்கலாமே? ரேஷன்ல 2011லேர்ந்து அரிசி விலையில்லாம வருது. பசியை விரட்டுன அரிசி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா பருப்பு ஒரு கிலோதான். காய்க்கும் பழத்துக்கும் காசு வேணும்.

தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்க. தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசுப் பெண்கள்ல, அதிக எடையோ பருமனோ உள்ளவங்க 2015-16ல 30.9 சதவீதம். 2019-21ல 40.4 சதவீதம். அத்தனை பெண்களுக்கும் அஞ்சு வருஷத்துல திடீர்னு வாய் நீண்டு போச்சா?

இனம் எதுக்குன்னு கேட்டீங்க. அமெரிக்காவுல 2017-18 கணக்கு: கறுப்பினப் பெண்கள்ல 56.9 சதவீதம் பேருக்குப் பருமன். கறுப்பின ஆண்கள்ல 41.1, வெள்ளையின ஆண்கள்ல 44.7. ரத்தம்தான் காரணம்னா அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே ரத்தம்தானே? பருமனைத் தடுக்குறதுல படிப்புகூட வெள்ளையினப் பெண்ணுக்குக் கைகொடுக்குற அளவுக்குக் கறுப்பினப் பெண்ணுக்குக் கைகொடுக்கலை. சோபல், ஸ்டங்கார்ட்னு ரெண்டு அறிஞர்கள் 1989லேயே எழுதிட்டாங்க: வளர்ந்த நாட்டுல வசதி குறைஞ்ச பெண்கள்தான் அதிகம் பருமன், வளரும் நாட்டுல வசதியுள்ளவங்க. நம்ம டெல்டா கிராமத்துல அந்தக் கணக்கு நம்ம கண் முன்னாடியே வசதியுள்ளவங்ககிட்டேர்ந்து வசதி குறைஞ்சவங்க பக்கம் திரும்பிக்கிட்டு இருக்கு. படிப்புன்னா பிஸ்கட் பாக்கெட் லேபிளை வாசிக்கிறது மட்டுமில்லைங்க. சம்பளம். தனக்குன்னு ஒரு மணி நேரம். "நான் நடக்குறேன், உனக்கென்ன?"ன்னு திருப்பிக் கேக்குற தைரியம்.

நடுவர் மணி அடிக்கிறார். ஐயா, ஒரே நிமிஷம்.

எங்க வீட்டுல மீன் வாங்குனா துண்டு ஆம்பளைங்க தட்டுக்கு, குழம்பு பெரியம்மாவுக்கு. பேரப்பிள்ளை வச்ச மிச்ச இட்லி பெரியம்மாவுக்கு. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு சட்டியில ஒட்டுனது பெரியம்மாவுக்கு. கொட்ட மனசு வராது. ஒவ்வொரு நாத்தையும் குனிஞ்சு நட்ட கைங்க அது. எங்களைப் படிக்க வச்சதும் அந்தக் கைதான். அந்தக் கை எடுத்துத் தின்ன மிச்சச் சோத்துக்குப் பேர் அலட்சியமா?

நண்பரே, மூணாவது வரிசையில பச்சைப் புடவையில உக்காந்திருக்காங்க. நான் பேசுறேன்னு பஸ் ஏறி வந்திருக்காங்க. "வாய்க்குப் பூட்டுப் போடு"ன்னு சொன்னீங்கள்ல, அதை இப்ப எங்க பெரியம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. சொல்ல முடியலைன்னா இந்த மேடையிலேயே அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்குங்க.

நன்றி, வணக்கம்.