காய்ச்சல் விட்ட நாளில் ரத்தக்குழாய்க்குள் நடப்பது

வணக்கம் நேயர்களே. கடலூர் முதுநகரில் பல வருஷமாக வைத்தியம் பார்க்கிறேன். ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் காய்ச்சல். அந்தச் சமயத்தில் நான் அடிக்கடி கேட்பது, "காய்ச்சல் விட்டுடுச்சு டாக்டர், இனி பயமில்லையே?" டெங்குவாக இருந்தால் பயம் தொடங்குவதே அன்றைக்குத்தான். அது ஏன் என்று சொல்லத்தான் இன்று வந்தேன்.

நம் ரத்தக்குழாய் எல்லாவற்றுக்கும் உள்பக்கம் ஒரு பூச்சு உண்டு, ஒரே ஒரு செல் கனம், அதன் மேல் வழவழப்பான சர்க்கரைப் படலம் ஒன்று. இந்தப் பூச்சு சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் தோல் இல்லை, நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்துகொண்டே இருக்கிறது, அதனால்தான் குழாய் இறுகாமல் தளர்வாக இருக்கிறது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) சுவரில் போய் ஒட்டுவதில்லை. இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சரி, வைரஸ் வந்தால் என்ன ஆகிறது? அதை அழிக்க நம் வெள்ளணுக்கள் சூப்பர்ஆக்சைடு மாதிரியான, கண்டதையும் தாக்கும் ஆக்சிஜன் வகைகளைக் கக்குகின்றன. ரத்தக்குழாய்ப் பூச்சின் செல்களும் சேர்ந்து அதையே உண்டாக்கும். அளவோடு இருந்தால் அது ஆயுதம். உடம்பால் அணைக்க முடியாத அளவுக்குப் பெருகினால் அதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். கடலோரத்தில் இருக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம், வாங்கி மாட்டிய ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறதே, அதுவும் ஆக்சிஜன் செய்கிற வேலைதான்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம் ஒன்று உண்டு. இந்த சூப்பர்ஆக்சைடு நல்ல நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு பெராக்சிநைட்ரைட் என்ற கடுமையான பொருளாக மாறிவிடும், ஆக காவலுக்கு இருந்தவனும் போய், அவன் இடத்தில் எதிரியும் வந்துவிடுகிறான். உடனே பூச்சு செல்கள் ஒட்டும் தன்மை கொண்ட புரதங்களை வெளியே நீட்டுகின்றன, வெள்ளணுக்கள் வந்து அதில் ஒட்டுகின்றன, ஒட்டியவை இன்னும் சூப்பர்ஆக்சைடைக் கக்குகின்றன. இதுதான் குழாய்ச் சுவரின் அழற்சி. ஒன்று மற்றொன்றை வளர்த்துக்கொண்டே போகும்.

டெங்குவில் இன்னொன்றும் சேர்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் என்எஸ்1 என்று பார்த்திருப்பீர்கள். அது வைரஸ் வெளியே விடும் புரதம், அதுவே நேரடியாக அந்தச் சர்க்கரைப் படலத்தை அரிக்கிறது. செல்களின் இணைப்பு தளர்ந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் ஆரம்பித்து 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். ரத்தம் கெட்டியாகும், சீட்டில் பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறும். ஆனால் கூட வருகிறவர்கள் எல்லோரும் தட்டணு எத்தனை என்று மட்டுமே கேட்கிறார்கள். தட்டணு ஏற்றினால் கசிவு நிற்காது அம்மா, கசிவைப் பாருங்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

டெங்கு மட்டும் இல்லை. 2020 ஏப்ரலிலேயே கொரோனா நோயாளிகளின் ரத்தக்குழாய்ப் பூச்சில் அழற்சி இருப்பதை சுவிட்சர்லாந்தின் சூரிச் மருத்துவர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்ஃப்ளூயன்சா என்கிற ஃப்ளூ காய்ச்சல் உறுதியான 7 நாட்களுக்குள் மாரடைப்பு வருவது சுமார் 6 மடங்கு கூடுகிறது என்று 2018இல் கனடாவின் ஒன்டாரியோ ஆய்வு காட்டியது. அதனால் சர்க்கரையும் பிரஷரும் உள்ள பெரியவர்கள், சளிக்காய்ச்சலோடு நெஞ்சு இறுகினால் அதை வாயு என்று ஒதுக்காதீர்கள். வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி போடுவது பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ரத்தக்குழாயில் நடக்கும் இந்தத் துரு மாதிரியான வேலைக்கு மருந்தாக வைட்டமின் மாத்திரை விழுங்கலாமா என்று கேட்பார்கள். வைட்டமின் ஈ மாத்திரையைப் பெரிய ஆய்வுகளில் வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்தும் மாரடைப்பு குறையவில்லை. காசை அதில் போடாமல் இளநீர், கஞ்சி, பழம் என்று வாங்குங்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்போது காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும், அதையும் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ரத்தப்போக்கைக் கூட்டும், தொடாதீர்கள்.

அப்புறம், காய்ச்சல் விட்ட அந்த இரண்டு நாள் பிள்ளையின் பக்கத்திலேயே இருங்கள். வயிறு விடாமல் வலித்தால், வாந்தி நிற்காமல் வந்தால், ஈறில் ரத்தம் தெரிந்தால், கை கால் சில்லிட்டு சோர்ந்து கிடந்தால், 6 மணி நேரமாகியும் சிறுநீர் போகவில்லை என்றால், விடியட்டும் என்று பார்க்காமல் அந்த ராத்திரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். நன்றி, வணக்கம்.